வலிப்பு நோய்: எந்த மாத்திரை, எத்தனை மாத்திரை, எப்போது அறுவை?

முதல் வலிப்பு வந்து அடங்கி, ஸ்கேனும், மூளையின் மின்சைகைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யும் எடுத்து முடித்த பிறகு மருத்துவர், "மாத்திரை ஆரம்பிக்கலாமா, இல்லை கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்பார். முடிவை அவர் சொல்வார் என்று போனால் அவர் நம்மிடம் கேட்கிறாரே என்று பலருக்கும் திகைப்பாக இருக்கும். வலிப்பு நோய்க்கான சிகிச்சை கடைசிவரை இப்படித்தான் போகும். ஆரம்பிப்பதா வேண்டாமா, எந்த மருந்து, மருந்துக்குக் கேட்காவிட்டால் அடுத்து என்ன, கேட்டுவிட்டால் எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தேர்வு வந்து நிற்கும். இதில் மூன்றாவது கட்டத்தில்தான் பலர் வருடக்கணக்கில் தேங்கிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

அதற்கு முன் நோயைப் பற்றிக் கொஞ்சம். மூளையின் நரம்பணுக்கள் மின்சைகைகளால் பேசிக்கொள்பவை. அவற்றில் ஒரு பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் துடித்தால் அதுதான் வலிப்பு. கீழே விழுந்து உடம்பு முழுக்க வெட்டி இழுப்பது மட்டும்தான் வலிப்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு கை மட்டும் துடிக்கலாம். பேச்சு நடுவில் நின்று, பத்து விநாடி வெறித்த பார்வை மட்டும் இருக்கலாம். வாய் எதையோ மெல்வதுபோல் அசைய, கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்கலாம். மூளையின் ஓரிடத்தில் தொடங்கினால் பகுதி வலிப்பு, தொடங்கும்போதே இரு பக்கமும் சேர்ந்து துடித்தால் பொது வலிப்பு. மாத்திரைத் தேர்வு இந்தப் பிரிவை வைத்துத்தான்.

ஒரு முறை வலிப்பு வந்துவிட்டால் அவர் வலிப்பு நோயாளி என்று அர்த்தமில்லை. காய்ச்சல், இரத்தத்தில் சர்க்கரை இறங்குவது, குடியைத் திடீரென நிறுத்துவது போன்ற நேரடிக் காரணத்தால் வருவது வேறு கணக்கு. அப்படிக் காரணம் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தால் அது வலிப்பு நோய். வலிப்பு நோய்க்கான சர்வதேச அமைப்பு 2014-ல் இதோடு ஒன்றைச் சேர்த்தது: ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், அடுத்த 10 ஆண்டுகளில் மறுபடி வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்குக் குறையாது என்று தெரிந்தால் அதுவும் நோய்தான்.

ஆரம்பிப்பதா, பொறுப்பதா

வந்தது வலிப்புதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சாதாரண மயக்கத்திலும் கை கால் சில விநாடி வெட்டலாம். மன அழுத்தத்தால் வரும், பார்ப்பதற்கு அச்சாக வலிப்பைப் போலவே இருக்கும் தாக்குதல்களும் உண்டு. அவற்றுக்கு வலிப்பு மாத்திரையால் பயனில்லை. இ.இ.ஜி. இயல்பாக இருந்தால் வலிப்பு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சோதனை எடுக்கும் அந்த அரைமணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பல நேரங்களில் இ.இ.ஜி.யைவிட, பக்கத்தில் இருந்தவர் செல்போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ நரம்பியல் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். அந்த நேரத்தில் போனை எடுக்கக் கை வராதுதான். இருந்தாலும் கூட இருப்பவர்களில் ஒருவராவது எடுத்து வைப்பது நல்லது.

வலிப்புதான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வலிப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி வரும் வாய்ப்பு 21 முதல் 45 சதவீதம். முன்பு தலையில் பலத்த அடி அல்லது பக்கவாதம், இ.இ.ஜி.யில் கோளாறு, எம்.ஆர்.ஐ.யில் தழும்பு, தூக்கத்தில் வந்த வலிப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இது மேல் எல்லையை நோக்கி ஏறும். உடனே மாத்திரை ஆரம்பித்தால் அந்த இரண்டு ஆண்டுகளில் ஆபத்து நன்றாகக் குறைகிறது. ஆனால் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், உடனே ஆரம்பித்தவரும் பொறுத்து ஆரம்பித்தவரும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். 2005-ல் வெளிவந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. ஆக, "இப்போதே ஆரம்பிக்காவிட்டால் நோய் முற்றிவிடும்" என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

என்னைக் கேட்டால், இந்த முடிவில் சோதனை முடிவுகளுக்கு ஈடாக அவரவர் வாழ்க்கையையும் எடை போட வேண்டும். சோதனைகள் இயல்பு, வீட்டில் ஆள் இருக்கிறது, வண்டி ஓட்டும் வேலை இல்லை என்றால் பொறுத்திருக்கலாம். உயரத்தில் ஏறி வேலை செய்பவர், தனியாக வாழ்பவர், இன்னொரு வலிப்பு வந்தால் வேலையே போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் ஆரம்பித்துவிடுவது நல்லது. இன்னொன்று: அவர் 'முதல்' என்று சொல்வது உண்மையில் முதல்தானா? காலையில் எழுந்ததும் கை வெட்டென்று உதறி கையிலிருந்த டம்ளரைத் தவறவிடும் பழக்கம் மாதக்கணக்கில் இருந்திருக்கலாம். அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவரும் சொல்லியிருக்க மாட்டார். பதின்வயதினரிடம் அடிக்கடி காணப்படும் ஒரு வகைப் பொது வலிப்பின் அடையாளம் அது. அப்படியானால் பொறுத்துப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

எந்த மாத்திரை

1857-ல் புரோமைடு, 1912-ல் ஃபீனோபார்பிட்டால், 1938-ல் ஃபெனிடாயின் என்று தொடங்கிய வரிசை இன்று 25 மருந்துகளைத் தாண்டிவிட்டது. புதியது என்றால் நன்றாக அடக்கும் என்று எண்ண வேண்டாம். வலிப்பை நிறுத்தும் திறனில் பழையதும் புதியதும் பெரிதாக வேறுபடுவதில்லை. புதியவற்றின் லாபம் பக்கவிளைவிலும், மற்ற மருந்துகளோடு மோதாமல் இருப்பதிலும்தான். ஃபெனிடாயினைப் பல ஆண்டு எடுத்தால் ஈறு தடிக்கும், டோஸை லேசாகக் கூட்டினாலே இரத்தத்தில் அளவு எகிறித் தள்ளாட்டம் வரும். ஃபீனோபார்பிட்டால் மந்தமாக்கும். ஆனாலும் வேறு எதுவும் கிடைக்காத இடங்களில் இந்த இரண்டும்தான் இன்றும் லட்சக்கணக்கானோரைக் காப்பாற்றுகின்றன.

பகுதி வலிப்பு என்றால் பெரும்பாலும் பேச்சுக்கு வருபவை மூன்று: லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம், கார்பமசெபின். லாமோட்ரிஜின் மனதையும் அறிவையும் அதிகம் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் டோஸை வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் தோலில் கடுமையான ஒவ்வாமை வரலாம். அடிக்கடி வலிப்பு வந்துகொண்டிருப்பவருக்கு அந்தக் காத்திருப்பே கஷ்டம். லெவெடிராசெட்டம் அப்படியே நேர்மாறு. முதல் நாளிலிருந்தே வேலை செய்யும் டோஸில் கொடுக்கலாம், கல்லீரலுக்குச் சுமை இல்லை, மற்ற மாத்திரைகளோடு தகராறு இல்லை. அதன் குறை கோபம். சிலர் ஆளே மாறிப்போவார்கள், சிறு விஷயத்துக்கும் வெடிப்பார்கள். இது மாத்திரையின் வேலை என்று தெரியாமல் வீட்டில் சண்டை நடந்துகொண்டிருக்கும். அதனால் ஆரம்பிக்கும் அன்றே வீட்டாருக்கும் சொல்லி வைப்பது நல்லது. கார்பமசெபின் பழையது, பகுதி வலிப்பில் நம்பகமானது. ஆனால் ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்கு உயிரைப் பறிக்கும் அளவுக்குத் தோல் உரியும் எதிர்வினை வரலாம். கிழக்கு, தென்கிழக்கு ஆசிய வம்சாவளியினரிடம் இந்த மரபணு அதிகம் என்பதால், அவர்களுக்கு முதலில் இரத்தச் சோதனை செய்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

2021-ல் வெளிவந்த இரண்டாம் சனாட் ஆய்வு நேருக்கு நேர் ஒப்பிட்டதில், பகுதி வலிப்பில் லாமோட்ரிஜினும் பொது வலிப்பில் வால்ப்ரோயேட்டும் முன்னே நின்றன. வெறித்துப் பார்ப்பது மட்டுமே உள்ள குழந்தைகளுக்கு எத்தோசக்சிமைடுதான் முதல் தேர்வு. வால்ப்ரோயேட்டும் அதே அளவு அடக்கினாலும் குழந்தையின் கவனத்தைக் கெடுக்கிறது. வகை தெரியாமல் மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகவும் ஆகலாம். காலையில் கை உதறும் வகைக்கும், வெறித்துப் பார்க்கும் வகைக்கும் கார்பமசெபின் கொடுத்தால் வலிப்பு கூடிவிடக்கூடும்.

வால்ப்ரோயேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொது வலிப்பை அதுபோல் அடக்கும் மருந்து வேறு இல்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் அதை எடுத்தால் நூறு குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது. மருந்தே எடுக்காதவர்களிடம் இது 2, 3 பேர்தான். வளரும்போது பேச்சிலும் படிப்பிலும் நடத்தையிலும் சிக்கல் வருவது நூற்றுக்கு 30 முதல் 40 வரை. லாமோட்ரிஜினிலும் லெவெடிராசெட்டத்திலும் பிறவிக் குறைபாட்டு எண்ணிக்கை ஏறத்தாழ மருந்து எடுக்காதவர்களின் அளவில்தான் இருக்கிறது. எனவே 15 வயதுப் பெண்ணுக்கு மாத்திரை தேர்ந்தெடுக்கும்போதே, அவளுடைய 25 வயதையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். "கல்யாணம் ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால், கர்ப்பம் தெரியவரும்போது குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகி முடிந்திருக்கும். அதே சமயம், கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய்த் தானாக மாத்திரையை நிறுத்துவது தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து. மாற்றுவதானால் முன்கூட்டியே, மருத்துவரோடு பேசி மாற்ற வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்றவை அந்த மாத்திரையின் பலனைக் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையோ லாமோட்ரிஜினின் அளவை இறக்கிவிடும்.

இரண்டு மருந்துக்கும் கேட்கவில்லை என்றால்

குவான், பிராடி என்ற இரு மருத்துவர்கள் 2000-ல் வெளியிட்ட கணக்கை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். புதிதாகச் சிகிச்சை தொடங்கிய 470 பேரில் முதல் மருந்திலேயே 47 சதவீதத்தினருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்து இன்னும் 13 சதவீதம் பேருக்கு உதவியது. மூன்றாவது தனி மருந்தால் நின்றது வெறும் 1 சதவீதம். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து நின்ற 3 சதவீதத்தையும் கூட்டினால் மொத்தம் 64 சதவீதம். 2018-ல் அதே குழுவினர் 1,795 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட புதிய மருந்துகள் வந்திருந்தன. வலிப்பு நின்றவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் அதே 64 சதவீதம். எண் அசையவே இல்லை.

சரியான இரண்டு மருந்துகளைச் சரியான டோஸில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று 2010 முதல் வரையறுத்திருப்பது இதனால்தான். 'இரண்டு' என்பது கண்டிப்பான எண். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? மூன்றாவது, நான்காவது, அப்புறம் இரண்டைச் சேர்த்து, மூன்றைச் சேர்த்து என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாத்திரையும் ஆறு மாதம், ஒரு வருடம் நம்பிக்கை தரும். இப்படிப் பத்து இருபது வருடங்கள் போய்விடும்.

அந்த இரண்டும் உண்மையிலேயே தோற்றனவா என்பதையும் பார்த்துவிட வேண்டும். நோய்க்கணிப்பே தவறாக இருக்கலாம். வகைக்குப் பொருந்தாத மருந்தாக இருக்கலாம். டோஸ் போதாமல் இருக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் மாத்திரையை விட்டுவிடுவதும், தூக்கம் கெடுவதும், குடியும் அடிக்கடி காணும் காரணங்கள். இவை எதுவும் இல்லை என்றால், மூன்றாவது மாத்திரையை ஆரம்பிக்கும் அதே நாளில் அறுவை சிகிச்சை மதிப்பீட்டுக்கும் கேட்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று வைத்துக்கொண்டால் மற்றது வருவதே இல்லை.

மதிப்பீடு என்றாலே ஆபரேஷன் என்று பலர் பயப்படுகிறார்கள். அது சில நாள் மருத்துவமனையில் தங்கி, வீடியோவோடு இ.இ.ஜி. பதிவு செய்து, கூர்மையான எம்.ஆர்.ஐ. எடுத்து, நினைவாற்றலையும் மொழித்திறனையும் சோதிப்பது மட்டுமே. தேடுவது ஒன்றைத்தான்: வலிப்பு எப்போதும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறதா, அந்த இடத்தை எடுத்தால் மற்ற வேலைகள் கெடாமல் இருக்குமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால்தான் கத்தி. இல்லை என்றால் மதிப்பீட்டோடு வீட்டுக்கு வந்துவிடலாம்.

பொட்டுப்பகுதியில், அதாவது காதுக்கு மேலே உள்ள மூளை மடலில் தொடங்கும் வலிப்புக்குத்தான் அறுவையின் பலன் தெளிவாகத் தெரியும். கனடாவில் 80 பேரை வைத்து நடந்து 2001-ல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருடம் கழித்து நினைவு தப்பும் வலிப்பிலிருந்து விடுபட்டவர்கள் அறுவைக் குழுவில் 58 சதவீதம், மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 சதவீதம். நோய் கட்டுப்படாமல் போன இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே அறுவை செய்தால் என்ன ஆகும் என்று பார்த்த சிறிய அமெரிக்க ஆய்வு 2012-ல் வந்தது. அறுவைக்குத் தேர்வான 15 பேரில் 11 பேருக்கு, சோதனையின் இரண்டாம் ஆண்டு முழுக்க வலிப்பே வரவில்லை. மருந்துக் குழுவின் 23 பேரில் அப்படி ஒருவர்கூட இல்லை.

அறுவையின் விலை என்ன? பார்வையின் மேல் ஓரத்தில் ஒரு கால்பகுதி மங்கலாம். பலர் அதை உணர்வதே இல்லை, ஆனால் சிலருக்கு வண்டி ஓட்டுவதில் சிக்கல் வரும். மொழி ஆளும் பக்கத்தில், பெரும்பாலோருக்கு இடது பக்கத்தில், செய்தால் பெயர்களும் சொற்களும் சட்டென்று நினைவுக்கு வருவது குறையலாம். சொல்லை வைத்தே தொழில் செய்பவருக்கு அது சிறிய விஷயமில்லை. கூடவே எல்லோர் மனதிலும் ஒரு பயம் இருக்கும், அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1953-ல் ஹென்றி மோலைசன் என்ற இளைஞருக்கு வலிப்புக்காக மூளையின் இரு பக்கத்து ஹிப்போகாம்பஸ் பகுதிகளையும் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-ல் இறக்கும்வரை அவரால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. நினைவாற்றல் மூளையில் எங்கே உருவாகிறது என்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி அவர் கொடுத்த விலையால்தான். இன்று ஒரு பக்கம் மட்டுமே எடுக்கிறார்கள். அதுவும் மறுபக்கம் நினைவைத் தாங்குமா என்று சோதித்த பிறகே. சில இடங்களில் மண்டையைத் திறக்காமல், மெல்லிய லேசர் இழையைச் செலுத்திச் சுட்டுவிடும் முறையும் வந்துவிட்டது. காயம் சிறிது, நினைவுக்குச் சேதமும் குறைவாக இருக்கலாம். வலிப்பு முழுதாக நிற்கும் வாய்ப்பும் திறந்து செய்வதைவிடச் சற்றுக் குறைவு.

இந்தத் தராசின் மறுதட்டில் இருப்பதைப் பலர் பார்ப்பதில்லை. வலிப்பு நோய் உள்ளவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் சுமார் ஒருவர் திடீரென, பெரும்பாலும் தூக்கத்தில், வேறு எந்தக் காரணமும் இல்லாமல் இறந்துபோகிறார். உடம்பு முழுக்க இழுக்கும் வலிப்பு அடங்காமல் தொடர்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. அறுவையின் ஆபத்து ஒரே நாளில், கையெழுத்துப் போடும் காகிதத்தில் நம் முன்னே வந்து நிற்கிறது. அறுவை செய்யாமல் இருப்பதன் ஆபத்துக்கு யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. இதைக் குடும்பத்தோடு வெளிப்படையாகப் பேசும் மருத்துவர் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். பேசவில்லை என்றால் நாமே கேட்க வேண்டியதுதான்.

எந்த வழியில் போனாலும், வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் அது அவசர நிலை. உடனே ஆம்புலன்ஸ். வாயில் எதையும் திணிக்காமல், பிடித்து அமுக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மூக்கிலோ கன்னத்தின் உள்பக்கத்திலோ விடும் மிடாசோலம் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

அறுவைக்குப் பொருந்தாதவர்களுக்கு மிச்சம் இருப்பவை உணவும் கருவிகளும். கீட்டோஜெனிக் உணவுமுறை 1921-லேயே வலிப்புக்காகத்தான் உருவானது, எடைக் குறைப்புக்காக அல்ல. அதன் கண்டிப்பான வடிவத்தில் நான்கு பங்கு கொழுப்புக்கு மாவுச்சத்தும் புரதமும் சேர்த்து ஒரு பங்குதான். ஒரு கவளம் கூடுதலாகப் போனாலும் கணக்குத் தப்பும். 145 குழந்தைகளை வைத்து 2008-ல் வந்த ஆய்வில், மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தவர்கள் உணவுக் குழுவில் 38 சதவீதம், மற்றக் குழுவில் 6 சதவீதம். மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேராத ஒரு பிறவிக் குறைபாட்டில் இதுவே முதல் சிகிச்சை. குழாய் வழியாக உண்ணும் குழந்தைக்குச் சுலபம். தன் தட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் பதின்வயதுப் பையனுக்கு மிகக் கடினம். மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சி தடைப்படுவது போன்றவை வரக்கூடும் என்பதால் உணவியல் நிபுணரின் கண்காணிப்பு இல்லாமல் இறங்கக் கூடாது.

மார்புத் தோலுக்கடியில் பதித்து, கழுத்திலுள்ள வேகஸ் நரம்பை விட்டு விட்டுத் தூண்டும் கருவி 1997-லிருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாள் ஆக ஆகப் பலன் கூடும். ஏறத்தாழ பாதிப் பேருக்கு வலிப்பு பாதியாகக் குறைகிறது. முழுதாக நிற்பது அபூர்வம். தூண்டும் நேரத்தில் குரல் கரகரக்கும். மூளைக்குள்ளேயே பதிக்கும் கருவிகளும் உண்டு. அவற்றில் ஒன்று வலிப்பின் அறிகுறியைக் கண்டதும் தானே மின்சாரம் பாய்ச்சி அடக்கப் பார்க்கும். இவை எல்லாமே குறைக்கும் வழிகள். அறுவை தரக்கூடிய முழு விடுதலையோடு இவற்றை ஒரே தட்டில் வைத்தால் ஏமாற்றம்தான். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த கன்னாபிடையாலுக்கு டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கடுமையான குழந்தைப்பருவ வகைகளில் 2018-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அது அளவிட்டுத் தயாரித்த மருந்து. ஆன்லைனில் விற்கும் எண்ணெய்க்கு அந்தப் பெயரின் ஆதாரம் பொருந்தாது.

எப்போது நிறுத்துவது

இரண்டு ஆண்டு வலிப்பு வராமல் இருந்தால் நிறுத்தும் பேச்சை எடுக்கலாம். பிரிட்டனில் 1,013 பேரை வைத்து 1991-ல் வந்த ஆய்வு இதற்கு நல்ல அளவுகோல்: மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 78 சதவீதம் பேருக்கு அடுத்த இரண்டு ஆண்டும் வலிப்பு வரவில்லை. மெல்ல நிறுத்தியவர்களில் 59 சதவீதம். தொடர்ந்தாலும் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது, நிறுத்தினாலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு வருவதில்லை. குழந்தைப்பருவத்தில் வந்து வயது ஏற ஏற மறையும் வகைகளில் நிறுத்துவது சுலபம். காலையில் கை உதறும் வகையில் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதால் அவர்கள் நீண்ட காலம் எடுக்க வேண்டியிருக்கலாம். நிறுத்துவதை ஒரே நாளில் செய்யாமல் மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். அந்த மாதங்களிலும் அதற்குப் பின் சில மாதங்களும் வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. திரும்ப வருபவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள்ளேயே வந்துவிடும், பழைய மருந்தை மறுபடி ஆரம்பித்தால் அவர்களில் அதிகம் பேருக்கு அடங்கியும் விடுகிறது.